சாப்பாட்டுக் கட்டம்

கை இரண்டிலும் ஈரக் கையுறை. ஃபோனைக் கடலைமாவு மூட்டையில் சாய்த்துவைத்து, மைக் படத்தை மூக்கு நுனியால் அழுத்தினாள்.

"ஆமா அத்தான்."

பேச்சு திரையில் எழுத்தாக விழுந்தது.

மதியம் சாப்பிட வந்தவர்கள் போய்விட்டார்கள். உணவகத்தின் பின்கட்டில் அவளும் கழுவாத அண்டாக்களும்தான்.

பாளையங்கோட்டையில் இப்போது இரவுச் சாப்பாடு. அம்மா, அக்கா, அக்காவின் கணவர்.

அந்த அத்தானுக்குத்தான் பதில்.

சிமெண்ட் கடை வைத்திருக்கிறார். விமானத்தை அண்ணாந்து பார்த்திருக்கிறார்.

அவளுடைய படிப்புக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து அவருடையது. அதனால் லண்டனும் அவருடையது.

மாதா மாதம் அவள் செலவு எழுதி அனுப்ப வேண்டும். அவர் கட்டம் கட்டமாக வெட்டுவார். பஸ்ஸா, கால் என்னத்துக்கு இருக்கு. ஹீட்டரா, ரெண்டு ஸ்வெட்டர் போடு. பாலா, வரக்காப்பி குடி.

வாடகையையும் வெட்டிப் பார்த்தார். வீட்டுக்காரரிடம் தான் பேசுவதாகச் சொன்னார். எந்த மொழியில் என்று அவள் கேட்கவில்லை.

வெட்டி முடித்ததைக் குடும்பக் குழுவில் போடுவார். அம்மாவுக்கு ஃபோன் எழுத்து கண்ணுக்குப் பிடிபடாது. குழுவில் எது வந்தாலும் அத்தான்தான் உரக்கப் படித்துக் காட்டுவார். இழுத்து, நிறுத்தி, நடுவில் தானே சிரித்து.

முதல் மாதம் சாப்பாட்டுக் கட்டத்தில் ஒரு தொகை எழுதியிருந்தாள். பெரிய தொகை இல்லை. அரிசி, முட்டை, கொஞ்சம் பழம்.

குரல் செய்தி வந்தது.

"ஏட்டி, லண்டன்ல போயி திங்கதுக்கா கடன் வாங்குனோம்?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அக்காவாக இருக்கலாம்.

அடுத்த மாதத்திலிருந்து அந்தக் கட்டம் காலி. வேலை செய்யும் கடையிலேயே சாப்பாடு, ஃப்ரீ என்று எழுதினாள்.

அத்தான் அதைத் தன் சாமர்த்தியமாக எடுத்துக்கொண்டார். சோற்றுச் செலவே இல்லாமல் கொழுந்தியாளை லண்டனில் வைத்திருப்பதாகக் கல்யாண வீடுகளில் சொன்னார். கோழிப்பண்ணைக்காரர் தீவனம் மிச்சம் பிடித்ததைச் சொல்வதுபோல.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அம்மா கேட்பது ஒன்றே ஒன்று. வயிறு நெறையுதாம்மா?

அவள் வாய் திறக்குமுன் அத்தான் சொல்லிவிடுவார். "லண்டன் ஓட்டல் சாப்பாடுல்லா அத்தை! நமக்குக் கெடைக்குமா?"

அவளும் சிரிப்பாள். அதுதான் அவளுக்கே அருவருப்பு.

இப்போது அவர் தம்பி இசக்கிராஜாவும் கடன் வாங்கி லண்டனுக்குப் படிக்க வரப்போகிறான். அதே பட்ஜெட். அதே காலிக் கட்டம்.

இந்த முறை ஜாமீனுக்கு அத்தான் இல்லை. அம்மாவின் வீடு.

நாளைக் காலையில் பேங்கில் கையெழுத்து என்று அத்தான் குழுவில் செய்தி அனுப்பியிருந்தார். இசக்கிக்கும் சாப்பாட்டுக்கு ஒண்ணும் போடல, சரிதானே? ஆமான்னு ஒரு வார்த்தை போடு. நீ சொன்னாத்தான் கையெழுத்துப் போடுவேன்னு ஒங்கம்மா நிக்கா.

மைக் இன்னும் அணையவில்லை. தொடர்ந்து சொன்னாள்.

"இங்க சாப்பாட்டுக்கு ஒரு கவலையும் இல்ல. கடையில நல்லா..."

கதவு திறந்தது.

முதலாளி. யாழ்ப்பாணத்துக்காரர். கையில் கார் சாவி, ஒரு கால் ஏற்கெனவே வெளியே.

"பிள்ளை, உந்தச் சோறு நேற்றையது. சனத்துக்குக் குடுக்கேலாது. எறியாதையும், நீர் எடும்."

"சரிண்ணே."

கதவு மூடியது.

அவர் குரலில் கேலி இல்லை. வெங்காயம் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரல். நேற்றும் அதே குரலில்தான் அதையே சொன்னார்.

அவள் ஃபோனைப் பார்த்தாள்.

அது எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. அவள் பேச்சு, அவர் பேச்சு, மறுபடி அவள் பேச்சு. புள்ளி இல்லை, பிரிவு இல்லை. எல்லாம் ஒரே மூச்சில்.

படித்தாள்.

இன்னொரு தரம் படித்தாள். மற்றவர்களுக்குக் கொடுக்க முடியாத சோறு, அவளுக்கு. எழுத்தில் பார்த்தால் வேறு மாதிரி இருந்தது.

மேலே அத்தானின் புதுச் செய்தி வந்து நின்றது.

என்னட்டி இவ்ளோ நேரம்? ஆமான்னு சொல்லதுக்கும் அங்க காசு கேக்கானா?

கையுறையைக் கழற்றினாள். விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. திரைக்கு அவற்றை உடனே அடையாளம் தெரியவில்லை. ஏப்ரனில் துடைத்துவிட்டுத் தொட்டாள்.

அழித்தாள். ஆமாவை. அத்தானை. ஒரு கவலையும் இல்லாததை. கடைசியாக, நல்லாவை.

அங்கே நிறுத்தினாள்.

மிச்சம் இருந்தது முதலாளியின் பேச்சும் அவளுடைய சரிண்ணேயும்.

மைக்கை அழுத்தி, ஃபோனை வாயருகே கொண்டுபோய், மிச்சத்துக்கு முன்னால் ஒரு வரி சேர்த்தாள்.

"எங்க மொதலாளி இப்ப சொன்னது. சாப்பாட்டுக் கட்டத்துல இதப் போடுங்க அத்தான்."

அனுப்பினாள்.

அம்பு பறந்தது. இரண்டு குறியும் நீலமாயின.

அத்தான் எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. நின்றது.

கணக்கில் புலி. எழுதட்டும்.

அவள் சோற்று டப்பாவை இழுத்துத் திறந்தாள். மோந்து பார்த்தாள். ஓரத்தில்தான் காய்ந்திருந்தது.

குரல் செய்தி வந்தது. குட்டிச் செய்தி. காதில் வைத்தாள்.

"ஏட்டி, என்னதிது, ஒனக்குக் கிறுக்கா..."

பின்னால் அம்மா. வாயில் சோறு இருக்கிற குரல்.

"என்ன போட்டிருக்கா? படிங்க மாப்ள."

அத்தான் படிக்கவில்லை.

"படிங்கன்னு சொல்லுதேம்லா."

பிறகு, தரையில் ஒரு தட்டைத் தள்ளிவைக்கும் சத்தம்.