நாற்பது வருடச் சட்டை

ஜெகதீசன் அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிறவர். சாக்கு உரசி உரசி, மூன்று மாதத்துக்கு ஒரு சட்டை தோளில் கிழிந்துவிடும். அப்படிப்பட்டவர், ரேஷன் கடையில் நாற்பது வருடம் கிழியாத, கறையே படியாத சட்டை மலிவாகக் கிடைத்தால் விடுவாரா? வரிசையில் நின்று வாங்கிவந்தார்.

ஆனால் புதுத்துணியின் ஓரத்தில் மஞ்சள் தடவாமல் உடுத்தக் கூடாது என்பது அவர் மனைவி மோனிஷாவின் கட்டளை. தடவினாள். மஞ்சள் ஒட்டாமல் குண்டுமணி மாதிரி உருண்டு தரையில் விழுந்தது. காலரில் தடவினாள், கையில் தடவினாள், கடைசியில் சட்டையையே மஞ்சள் கிண்ணத்துக்குள் முக்கினாள். சட்டை வெள்ளை வெளேரென்று வெளியே வந்தது.

"இது நல்லதுக்கில்லீங்க. ஒட்டாம போடக் கூடாது."

"அடியே, ஏழு மணிக்கு லாரி வந்துரும்டி! நான் இல்லேன்னா என் எடத்துல மெஷினை நிறுத்திருவாங்க."

"பனியனோட போங்களேன். எவ பாக்கப்போறா?"

"சட்டை இல்லேன்னா கேட்டுலயே திருப்பி அனுப்பிருவான்! பழைய சட்டையைத்தான் நேத்தே கரித்துணி ஆக்கிட்டியே. மஞ்ச எதுக்குத் தடவுறது? துணி நீடிச்சு உழைக்கணும்னுதானே? இது நாப்பது வருசம் கிழியாதுன்னு எழுதியே குடுத்திருக்கான்டி!"

மோனிஷா யோசித்தாள். சட்டையைப் பார்த்தாள். காய்த்துப்போன அவர் தோளைப் பார்த்தாள்.

"அதுவும் சரிதான்" என்றவள், கிண்ணத்தில் இருந்த மஞ்சளை வழித்து அவர் நெற்றியிலும் இரண்டு தோளிலும் அப்பினாள்.

"ஏய், எனக்கு எதுக்குடி?"

"உங்களுக்கு எவன் எழுதிக் குடுத்தான்?"