வாங்காத ஜகாத்

“யாரோட காசு, பாய்?” என்று கேட்டாள் வஹீதுன்னிசா. நீட்டிய கவர் நீட்டியபடியே நின்றது.

நிஜாமுதீனுக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு ரமலானிலும் பூந்தமல்லியில் வசதியுள்ளவர்கள் மார்க்கக் கடமையாகக் கொடுக்கும் ஜகாத்தை, இல்லாதவர்கள் வீடு தேடிப் போய்ச் சேர்ப்பவன் அவன். வாங்குகிறவர்கள் இறைவனிடம் துஆ கேட்பார்கள், சிலர் அழுவார்கள். கொடுத்தவர் யாரென்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

“யாரோடதா இருந்தா இன்னாக்கா? உன் கண்ணு ஆபரேசனுக்குன்னு வாங்கியாந்திருக்கேன். மொதல்ல கையில புடி.”

“இல்ல பாய். யாருன்னு சொல்லு.”

“நம்ம மரக்கடை ஹபிபுல்லா.”

அவள் இரண்டு கைகளையும் முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். “அப்ப வேணாம்.”

தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்த பக்கத்து வீட்டு புஷ்பா, குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள். “கேட்டியா பாய் கதைய! ஊசியில நூல் கோக்க தெனம் என்னத்தான் கூப்பிடுது. ஊடு தேடி வர்ற சீதேவிய மட்டும் வேணாங்குது. எங்க தீவாளிக்கு ஒருத்தன் இப்டி கவர் நீட்டட்டும், கையோட புடுங்கிக்கிறேன்.”

வஹீதுன்னிசா சிரிக்கவில்லை.

நிஜாமுதீன் தையல்காரன். அவன் கடைச் சட்டைகளுக்குக் காஜா எடுத்து, பட்டன் தைத்துக் கொடுத்துத்தான் அவள் தனியாகக் காலம் தள்ளினாள். இந்தப் பெருநாள் வேலையில் காஜா ஒரு பக்கமும் பட்டன் ஒரு பக்கமுமாகப் போயிற்று. புரை முற்றிவிட்டது, இனியும் தள்ளிப்போட்டால் பார்வை மிஞ்சாது என்று எழும்பூர் கண்ணாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆபரேஷன் இனாம்தான். உள்ளே வைக்கிற லென்ஸை மட்டும் வெளியில் வாங்கித் தர வேண்டும்.

இதை அவன் எடுத்துச் சொன்னபோது ஹபிபுல்லா அவள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. “தகுதியான ஆளுன்னு நீங்க சொன்னா போதும் பாய். பேரெல்லாம் எனக்கெதுக்கு?” என்று கவரை எடுத்துக் கொடுத்துவிட்டார். அந்தப் பெருந்தன்மையை நினைத்து வழியெல்லாம் நெகிழ்ந்துகொண்டு வந்தவன், இப்போது தானே பிச்சைக்கு வந்தவன் போல வாசலில் நின்றான்.

“ரோஷமாக்கா?”

“ரோஷமாவது!” என்றாள் புஷ்பா. “போன வாரம் அரிசிக்கட பாய் மூட்ட அனுப்ச்சாரே, வாங்கி வெச்சிக்கினு எனக்கும் கொஞ்சம் அளந்து குடுத்துச்சே. அப்ப எங்க போச்சாம் ரோஷம்?”

அப்படியானால் ஹபிபுல்லாவிடம்தான் ஏதோ இருக்கிறது. “அவரு காசு இன்னா பாவம் பண்ணிச்சி? வட்டிக் காசுன்னு யார்னா சொன்னாங்களா?” என்றான் நிஜாமுதீன்.

“தவ்பா, தவ்பா! அப்டி பேசாத பாய். சுத்தமான காசு. வேற யாருக்காவது குடு.”

“தாய் தகப்பன் இல்லாம யத்தீமா வளந்த மனுசன்க்கா அவரு. ஊரு உட்டு ஊரு வந்து, மொதலாளி பொண்ணையே கட்டி, மாமனாரு கடையில ஒக்காந்துகினு கீறாரு. இல்லாமையோட கஸ்டம் தெரிஞ்சவரு. அவரு குடுக்கிறத வேணாங்கிறியே, அல்லாவுக்கே அடுக்குமா?”

வஹீதுன்னிசா மடியில் கிடந்த சட்டையின் காலரைத் தடவினாள். பட்டன் வைக்கும் இடத்தை விரலால் தேடினாள், கிடைத்த பிறகும் தேடிக்கொண்டே இருந்தாள். தெருவில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போயிற்று. புஷ்பா குடத்தைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்விட்டாள்.

நோன்பு திறக்கும் நேரம் நெருங்கியது. அவன் பள்ளிவாசலுக்குப் போக வேண்டும். கவரைக் கொடுக்காமல் போகவும் கால் வரவில்லை. ஹபிபுல்லா இவளுக்கு ஏதோ கொடுமை செய்திருக்க வேண்டும். அந்த நல்ல மனிதரைப் பற்றி அப்படி நினைக்கவே அவனுக்குக் கூசியது. நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

“வேற யாரோட ஜகாத்தாவது இருந்தா கொண்டா பாய்,” என்றாள் அவள். “வாங்கிக்கிறேன்.”

“பெருநாள் முடிஞ்சா யாருக்கா குடுப்பாங்க? அடுத்த ரமலான் வரிக்கும் உன் கண்ணு காத்துகினு இருக்குமா?” அவனுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. “சரி, அவராண்டயே திருப்பிக் குடுத்துர்றேன். வஹீதுன்னிசா வேணாம்னுடுச்சின்னு உன் பேரச் சொல்லியே குடுக்கிறேன்.”

“ஐயோ, பேரச் சொல்லிடாத!”

சட்டை மடியிலிருந்து நழுவி விழுந்தது. அவள் தடுமாறி எழுந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப அவரு உனக்கு இன்னா பண்ணாரு, அத்த சொல்லு. சொல்லாத வரிக்கும் நான் இங்கேர்ந்து நகர மாட்டேன்.”

“ஒண்ணும் பண்ணல. நல்லா இருக்கட்டும்.” அவள் புஷ்பா வீட்டுப் பக்கம் காது கொடுத்துக் கேட்டாள். அங்கே பாத்திரம் கழுவும் சத்தம். அதற்குப் பிறகுதான் குரல் வந்தது, அதுவும் பாதியாக. “நான் வாங்கினா, அவரு குடுத்தது வீணாப் போயிடும் பாய். கடமை அவரு தலையிலயே நிக்கும்.”

“ஏன் வீணாப் போவுது? உன்ன உட்டா இந்த ஊர்ல இல்லாதவங்க வேற யாரு?”

அவள் மங்கிய கண்களை அவன் குரல் வந்த திசையில் நிறுத்தினாள்.

“பெத்தவளுக்குக் குடுத்தா ஜகாத் சேராது, பாய்.”