உயிருள்ள முகம்

கண்ணை ஒருமுறை மூடித் திறக்கும்படி அலைபேசித் திரையில் இருந்த அதிகாரி சொன்னாள். கட்டிலில் கிடந்த கணவர் மூடித் திறந்தார்.

தற்செயல்தான் என்று மனைவி நினைத்தாள். தற்செயலை நம்பித்தானே அவள் இந்த வேலையிலேயே இறங்கியிருந்தாள். மனிதர் எப்படியும் நிமிடத்துக்குப் பத்துத் தடவை இமைப்பார், அதில் ஒன்றாவது நேரத்துக்கு வந்து மாட்டாதா என்பது அவள் கணக்கு.

பக்கவாதம் வந்து எட்டு மாதமாகிறது. கை கால் அசையாது, பேச்சு கிடையாது, சாப்பாடு மூக்குக் குழாய் வழியாக. கண் மட்டும் திறந்து மூடும். அது தன்னால் நடப்பது, அவருக்கு எதுவும் புரியாது, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

விழுவதற்கு முந்தைய மாதம் யார் பேச்சையும் கேட்காமல் அவர் சேமிப்பையெல்லாம் இணையத்தில் கிரிப்டோ நாணயம் விற்கும் ஒரு நிறுவனத்தில் கொண்டுபோய்ப் போட்டிருந்தார். பணம் போய்விட்டது, வாங்கிய நாணயம் கணக்கில் ஏறவே இல்லை. புகார் எழுதினார். பதில் வருவதற்குள் படுத்துவிட்டார்.

பிறகு அவள் எழுதினாள். அடையாள அட்டை, திருமணப் பதிவு, மருத்துவர் கடிதம் என்று எதை அனுப்பினாலும் ஒரே பதில்தான் வந்தது. பணத்தைத் திருப்பித் தருகிறோம், ஆனால் கணக்குக்கு உரியவரின் உயிருள்ள முகம் வேண்டும்; படம் போதாது, அவரே கேமரா முன்னால் கண்ணை இமைத்துக் காட்ட வேண்டும்.

அந்தப் பணம் வந்தால்தான் அவரைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க முடியும். திங்கட்கிழமை அங்கே ஒரு படுக்கை காலியாகிறது.

அவர் முகத்தை அலைபேசிக் கேமராவுக்குக் காட்டினாள். அட்டையில் இருக்கும் ஆள் இவர் இல்லை என்று இயந்திரம் தள்ளிவிட்டது. குழாயை ஒட்டுவதற்காக மருத்துவமனையில் மீசையை மழித்திருந்தார்கள்; வீட்டுக்கு வந்த பிறகும் அவள் அதை வளரவிடவில்லை. கண்ணுக்குத் தீட்டும் பென்சிலால் மீசை வரைந்து பார்த்தாள். இயந்திரம் ஏமாறவில்லை. அவளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது.

மீசை வளர மூன்று வாரம் பிடித்தது. இன்று காலை உடம்பைத் துடைத்து, மிச்சமிருந்த ஒரே நல்ல சட்டையை மாட்டிவிட்டு, அந்த நிறுவனத்து அதிகாரியின் அழைப்புக்காகக் காத்திருந்தாள்.

இப்போது அதிகாரி இரண்டு தடவை இமைக்கச் சொன்னாள்.

அவர் இரண்டு தடவை இமைத்தார்.

மேலே பார்க்கச் சொன்னாள். பார்த்தார். கீழே பார்க்கச் சொன்னாள். அதையும் செய்தார்.

அலைபேசியைக் கொஞ்சம் ஆடாமல் பிடிக்கும்படி அதிகாரி கேட்டுக்கொண்டாள்.

மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்வீட்டுக்கு ஓடிக் கதவைத் தட்டி யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அவர் இருக்கிறார். உள்ளே இருக்கிறார். சொல்வது கேட்கிறது.

கேட்கிறதா? எப்போதிலிருந்து?

இன்றைக்குத்தான் தெளிந்ததா, நேற்றைக்கா, இல்லை மருத்துவர் கையை விரித்த அன்றைக்கே கேட்டுக்கொண்டுதான் கிடந்தாரா? அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சந்தோஷம் பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

இந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுதான் கொழுந்தன் அவருடைய சட்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது என்று அவள்தான் சொன்னாள்.

இதே கட்டிலில் உட்கார்ந்துதான் அக்காவிடம் ஸ்பீக்கரில் பேசினாள். அவரைத் தூக்கிப் புரட்டி இவளுக்கும் இடுப்பு விட்டுப்போயிருந்தது. இந்த மாதமும் வேலைக்கு வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று அச்சகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. அந்தப் பணம் வந்ததும் இல்லத்தில் ஜன்னலோரத் தனி அறை எடுப்பதா, ஆறு பேர் படுக்கும் கூடமா என்று அக்கா கேட்டாள். கூடமே போதும், எங்கே போட்டாலும் அவருக்கு என்ன தெரியப்போகிறது என்று இவள் சொன்னாள். சொல்லிக்கொண்டே அவருக்குப் போர்வையை இழுத்துவிட்டாள்.

முகம் பொருந்திவிட்டது, ஆளும் நேரில்தான் இருக்கிறார், எல்லாம் சரி என்றாள் அதிகாரி. அதிகாரிக்கும் சந்தோஷம்தான். இனி ஒரே ஒரு கேள்வி, அது அவரிடம் கேட்க வேண்டியது என்றாள்.

"ஐயா, இந்தப் பணம் உங்க மனைவி கணக்குக்குப் போறதுல உங்களுக்குச் சம்மதமா? சம்மதம்னா ஒரு தடவை கண்ணை மூடித் திறங்க."

அவர் பார்வை திரையை விட்டு மேலே ஏறியது. மெதுவாக ஏறி, அலைபேசியைப் பிடித்திருந்தவளின் முகத்தில் வந்து நின்றது.

கண்ணை மூடவில்லை.

அவள் காத்திருந்தாள். மனதுக்குள் அவரைக் கெஞ்சினாள். எதற்காகக் கெஞ்சுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவர் கண் சிவந்தது. ஓரத்தில் நீர் கட்டிக் காதுப் பக்கமாக வழிந்தது. அப்போதும் அவர் இமைக்கவில்லை.

அதிகாரி அதே கேள்வியை இன்னும் நிறுத்தி நிதானமாக, இன்னும் சத்தமாகக் கேட்டாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஐயாவுக்குக் கேள்வி புரியவில்லை போலிருக்கிறது, வேறு விதமாகக் கேட்டுப் பார்க்கட்டுமா என்றாள்.

"வேண்டாங்க," என்றாள் மனைவி. "அவருக்கு எல்லாம் புரிஞ்சிருக்கு."