இருளாண்டி குடித்த ஜின்

சத்தியம், முக்காலும் சத்தியம். இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும், நான் போகிற கல்யாண வீட்டிலெல்லாம் பாயசம் எனக்கு முந்தின ஆளோடு தீர்ந்துபோகட்டும்.

அலோர் காஜா சுகுமாரன் அன்றைக்குக் காடியை ஓட்டிய வேகத்தில், ரோட்டில் படுத்திருந்த மாடுகளெல்லாம் எழுந்து நின்று வழிவிட்டன.

கோபம் வராமல் என்ன செய்யும்? மகன் கவிநேசனுக்கு, பக்கத்து ஊரான டுரியான் துங்கால் இருளாண்டியின் மகள் தாரணியை நிச்சயம் பண்ணியாகிவிட்டது. இப்போது பார்த்தால் இருளாண்டிக்கு ஈரலில் புற்றுநோய். காரணம் ஜின் சாராயம். ஊரே சொல்கிறது.

சுகுமாரன் கோயில் கமிட்டிச் செயலாளர். சாராயப் போத்தலைப் படத்தில் பார்த்தாலே எழுந்துபோய்க் கை கழுவுகிற ஆள்.

கிளம்பும்போது மனைவி நளினி வாசலில் மறித்தாள்.

"குடிச்சுக் கெட்டதுன்னா போகட்டுங்க, அது அவரோட முடிஞ்சிடும். வம்ச வியாதியான்னு மட்டும் நல்லா விசாரிச்சிட்டு வாங்க. அப்படின்னா மாத்துன தட்டைத் திருப்பிடலாம்."

"எதா இருந்தாலும் திருப்பறதுதான். குடிகாரன் வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்."

செம்பனை லாரி ஓட்டி ஓய்ந்த இருளாண்டி, சீனர் காப்பிக்கடையில் ரோட்டைப் பார்த்த மேசையில் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். எதிரே, பட்டப்பகலில், ஒரு ஜின் போத்தல்.

"வாங்க சம்பந்தி. குடிக்க ஒரு தே ஓ சொல்லட்டா?"

"ஈரல்ல கட்டி வந்த பொறகும் விடமாட்டீங்களா?"

"பழகிப்போச்சு."

"பொண்ணுக்குக் கல்யாணத்த வச்சிக்கிட்டு, நாலு பேர் பார்க்க இப்படியா?"

"நாலு பேர் பார்க்கணும்னுதான் இந்த மேசை. இல்லன்னா உள்ளதான் ஃபேன் நல்லா சுத்துதுலா."

சுகுமாரனுக்குச் சுருக்கென்று ஏறியது. கிளாஸைப் பிடுங்கிக் கீழே ஊற்றப் போனார். மூக்குக்கு ஒரு வாசமும் வரவில்லை. சந்தேகத்தோடு விரலை நனைத்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, நாக்கில் வைத்தார்.

பச்சைத் தண்ணீர்.

இருளாண்டி பதறிப்போய் அக்கம்பக்கம் பார்த்தார். "மெதுவா, சம்பந்தி. நாத்தம் அடிச்ச மாதிரி மூஞ்சியச் சுளிங்க. அடுத்த மேசையில பால்ராஜ் பார்க்கறான், ஊருக்கே சேதி சொல்றவன்."

சுகுமாரன் என்ன ஏதென்று தெரியாமலே சுளித்தார்.

"சொட்டு தொட்டதில்ல நான்," என்றார் இருளாண்டி, குரலைத் தணித்து. "டாக்டர் சொன்னது ஜீன். இங்க வந்து, 'ஜீன்ல ஏதோ கோளாறாம்'னேன். பால்ராஜ் காதுல அது ஜின்னு விழுந்துடுச்சு. பொழுது சாயறதுக்குள்ள ஜாசின் வரைக்கும் நான் மொடாக் குடியன்."

"திருத்திச் சொல்றதுக்கென்ன?"

"சொல்லத்தான் வாயத் திறந்தேன். அதுக்குள்ள அவன், 'நல்லவேளை, குடிதான். ரத்தத்துல ஓடுற வியாதின்னா உன் பொண்ண எவன் கட்டுவான்'னான். மூடிக்கிட்டேன். மறுநாளே ஒரு காலிப் போத்தலைத் தேடிப் புடிச்சேன்."

சுகுமாரன் மெல்ல நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "அப்ப தாரணிக்கு?"

"சின்ன வயசுலயே எனக்குள்ள புகுந்த மஞ்சக்காமாலைக் கிருமி பண்ணுன வேலை சம்பந்தி இது. சில பேர் உடம்புல காவலுக்கு நிக்கிற ஜாகா அதை அடிச்சு விரட்டிடுவானாம். என் ஜீன் வாகு, என் ஜாகாவுக்குத் திருடன் மூஞ்சி சரியா அடையாளம் தெரியலபோல. அதுவும் ஒரு காரணமா இருக்கலாங்கறாரு டாக்டர். தாரணிக்குப் பொறந்தப்பவே தடுப்பூசி போட்டாச்சு. இப்பவும் ரத்தம் எடுத்துப் பார்த்தாச்சு, கிருமி இல்ல. திருடனே நுழைய முடியாத வீட்டுல ஜாகா எப்படி இருந்தா என்ன?"

"எங்க பையனுக்குத் தெரியுமா?"

"தாரணி மொதல்லயே சொல்லிட்டா. ரத்தம் எடுக்க அவளக் கூட்டிட்டுப் போனதே மாப்பிள்ளதான்."

"இதையே ஊருக்கும் சொல்லிடலாமே, சம்பந்தி."

"இவ்வளவையும் உட்கார்ந்து யாரு கேப்பா? ரத்தம்ங்கற ஒரு வார்த்தைய மட்டும் எடுத்துக்கிட்டு எழுந்து போயிடுவாங்க. குடிகாரன் மகள்னா நாலு நாளைக்குப் பேசுவாங்க. மத்தது அப்படியில்ல."

சுகுமாரனுக்கு வாசலில் மறித்து நின்ற நளினியின் முகம் கண்ணுக்குள் வந்து போனது.

பிறகு சட்டைக்கையை மடித்துவிட்டார். போத்தலைத் தூக்கி, அடுத்த மேசைக்கும் தெரிகிற மாதிரி கிளாஸ் நிறைய ஊற்றினார். ஒரே மூச்சில் குடித்தார். புறங்கையால் வாயைத் துடைத்து, "காரமா இருக்கு," என்றார், கொஞ்சம் சத்தமாகவே.

பால்ராஜ் காப்பியில் முக்கிய ரொட்டி காப்பிக்குள்ளேயே விழுந்தது.

சுகுமாரன் வீடு வந்து சேருமுன்னே சேதி வந்து சேர்ந்திருந்தது. நளினி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"நடுக்கடையில உட்கார்ந்து குடிச்சீங்களாமே?"

"குடிச்சேன்."

"கோயில் மனுசன் செய்யற காரியமா இது?"

"பின்ன எப்படி விசாரிக்கறது? நானே குடிச்சுப் பார்த்தேன். ஜின்னேதான்."

நளினி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள். "குடிதானே. நான்கூட வம்ச வியாதியோன்னு பயந்துட்டேன். சரி, அவருக்கு ஆபரேஷன் வரதுக்குள்ள நல்ல நாளாப் பாருங்க. பொண்ணு கல்யாணத்தப் பார்த்துட்டுப் படுக்கட்டும் மனுசன்."

அந்த வாரமே கமிட்டி கூடி, சுகுமாரனிடமிருந்து கோயில் சாவியை வாங்கிக்கொண்டது. ஏன் என்று அவரும் கேட்கவில்லை. இன்னதென்று அவர்களும் சொல்லவில்லை.

கல்யாணம் முடிகிறவரைக்கும் நீங்களும் வாயைத் திறந்துவிடாதீர்கள். முடிந்தபிறகும், யார் சொன்னது என்று எவராவது கேட்டால், என்னை நீங்கள் பார்த்ததே இல்லை, சரியா?