மூலை கிழிந்த அட்டைகள்

"யார் கிழிச்சது?"

வகுப்பே தலைக்குமேல் சுற்றிய மின்விசிறியைப் பார்த்தது.

மேசைமேல் இருந்த பழைய ஷூ டப்பாவிலிருந்து விரிவுரையாளர் ஓர் அட்டையை எடுத்துக் காட்டினாள். ஒரு மூலை இல்லை. இன்னொன்று. அதிலும் இல்லை.

"ரெண்டு நாள் உட்கார்ந்து நானே வெட்டினது. கட்டைவிரல்ல வந்த கொப்புளத்தோட தழும்பு இன்னும் மறையல. யாருன்னு சொல்லிடுங்க."

வகுப்புத் தலைவி எழுந்தாள்.

"நாங்கதான் மேடம்."

"நாங்கன்னா?"

"எல்லாரும்."

"ஏன்?"

"அதை மட்டும் கேட்காதீங்க மேடம், ப்ளீஸ்."

எதற்கெடுத்தாலும் குறுக்கே பேசும் கடைசி வரிசை வாயாடிகூடத் தலையைக் குனிந்துகொண்டான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் புள்ளியியல் வகுப்பு அது. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஜன்னல் வெயிலில் அத்தனை பேரும் கண்ணைத் திறந்துகொண்டே கனவு கண்டார்கள். "புரிஞ்சுதா?" என்றால் ஒரே ராகத்தில் "புரிஞ்சுது மேடம்". விடைத்தாளைத் திருத்தும்போதுதான் வண்டவாளம் தெரியும்.

படிக்கிற காலத்தில் அவளும் அப்படித்தான். கை தூக்கி 'புரியல' என்று சொல்ல ஒரு நாளும் வாய் வந்ததில்லை.

அதனால்தான் இந்த அட்டைகள். வகுப்பு தொடங்கும்போது டப்பா சுற்றி வரும். ஆளுக்கு ஒரு சிவப்பு, ஒரு பச்சை. முடியும்போது எல்லாம் டப்பாவுக்கே திரும்பிவிடும். புரிந்தால் பச்சையைத் தூக்க வேண்டும், புரியாவிட்டால் சிவப்பு. யாரும் வாய் திறக்க வேண்டாம். பச்சை தூக்கியவர்கள் பக்கத்தில் சிவப்பு தூக்கியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.

முதல் முறை அட்டைகள் எழுந்தபோது, தூங்கிக்கிடந்த தோட்டம் ஒன்று காற்றுப்பட்டுப் புரண்டதுபோல் இருந்தது அவளுக்கு. அன்று இரவு கனவில்கூட அந்த அட்டைகள் இலையும் பூவுமாக அசைந்தன.

துறைத் தலைவருக்குத்தான் பிடிக்கவில்லை.

"என்னம்மா, பாலர் பள்ளி நடத்தறீங்களா? சத்தம் என் ரூம் வரைக்கும் வருது. ஏதாவது கலாட்டான்னு காதுல விழுந்துச்சுன்னா, அன்னிக்கோட இதை மூட்டை கட்டிடணும்."

இப்போது கலாட்டா நடந்தேவிட்டது.

அவள் கண் ஜன்னலோர நெட்டையன்மேல் போய் நின்றது. இவன் தூண்டிவிட்டதாகத்தான் இருக்கும். ஆரம்பத்திலிருந்தே விஷமம். வகுப்பே பச்சை தூக்கினால் இவன் சிவப்பு தூக்குவான். எல்லாரும் சிவப்பு தூக்கிய ஒரு நாள் இவன் கையில் பச்சை. "அப்போ நீயே வந்து நடத்து" என்று கூப்பிட்டதற்கு மரம் மாதிரி நின்றான்.

"விளையாடறியா? சிவப்பு எது, பச்சை எதுன்னுகூடத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டாள்.

எதற்கும் சிரிக்கிற வகுப்பு அன்றைக்கு ஏனோ சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் அவன் ஒரு தடவைகூட மாற்றித் தூக்கவில்லை. நாலு வார்த்தை திட்டினால்தான் வழிக்கு வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

"இனிமே அட்டை கிடையாது" என்று டப்பாவை மூடினாள். "நாளையிலேர்ந்து ஸ்லைடுதான். நான் பாட்டுக்கு நடத்தறேன், நீங்க பாட்டுக்குத் தூங்குங்க."

"மேடம்..." நெட்டையன் எழப் போனான். பக்கத்தில் இருந்தவன் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டான்.

சாயங்காலம் வீட்டில் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். வெயில் சுவரில் மெல்ல வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. டப்பாவை நோண்டிக்கொண்டிருந்தான் கணவன்.

"டீச்சரம்மா, ஒரு வித்தை காட்டட்டுமா?"

"அதைக் குப்பையில போடுங்க முதல்ல."

"போடறேன், போடறேன். இதைப் பார்த்துட்டுச் சொல்லு." தலைமேல் துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டான். டப்பாவுக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். "பச்சை... சிவப்பு... சிவப்பு... பச்சை..."

இரண்டு குவியல். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"துண்டு வழியாப் பார்க்கறீங்க. ஏமாத்து!"

"சத்தியமா இல்லடி. நீயே கண்ணை மூடித் தடவிப் பாரு. உன் பிள்ளைங்க சிவப்பை மட்டும்தான் கிழிச்சிருக்காங்க. பச்சையில ஒரு கீறல்கூடக் கிடையாது."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். கோபத்தில் இதைக் கவனிக்கவே இல்லை.

கண்ணை மூடி ஓர் அட்டையைத் தடவினாள். இருட்டில் சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. இரண்டும் ஒன்றுதான். விரலுக்கு மட்டும் ஒரு மூலை இல்லாதது தெரிந்தது.

அந்த இருட்டுக்குள் நெட்டையன் வந்து நின்றான், அன்றைக்கு நின்ற மாதிரியே.

சிவப்பு எது, பச்சை எதுன்னுகூடத் தெரியாதா?

தெரியாது. அவன் கண்ணுக்கு நிஜமாகவே தெரியாது. டப்பா சுற்றி வரும்போது எந்த அட்டை அவன் கையில் விழும் என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் வகுப்பே சேர்ந்து ஒரு சிவப்பு விடாமல் கிழித்திருக்கிறது. வெளியே சொல்லாமல் திட்டும் வாங்கிக்கொண்டது.

"என்னடி, கண்ணு கலங்குது?"

"கத்தரிக்கோல் எங்க இருக்கு?" என்றாள்.

மறுநாள் டப்பா மறுபடி சுற்றி வந்தது. சிவப்பு அட்டைகள் எல்லாம் புத்தம்புதிது. எல்லாவற்றிலும் ஒரு மூலை சீராக வெட்டப்பட்டிருந்தது. ஒவ்வொருவராகத் தடவிப் பார்த்து நிமிர்ந்தார்கள். ஜன்னலோரத்தில் நெட்டையன் விரல் அந்த மூலையிலேயே நின்றுவிட்டது.

வகுப்புத் தலைவி தயங்கி எழுந்தாள். "மேடம்... உங்களுக்கு..."

மேசையருகே நின்றவள் தன் கையில் இருந்த பச்சை அட்டையை மட்டும் உயர்த்திக் காட்டினாள்.