உடைந்த இடம்

சோதனைக்கூடத்தில், இணைப்பில் பொருத்திய குழாயை இழுத்துப் பார்க்கும் இயந்திரம் முனகத் தொடங்கியதும், குழாய் வியாபாரியான அண்ணன் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

"என் கார்பன் நார்க்குழாய் இரும்பு மாதிரி. உன் இணைப்புதான் விட்டுப்போகும். அப்புறம் சைக்கிள் கம்பெனி ஆர்டர் ரெண்டு பேருக்குமே அம்பேல்."

"கிளை மரத்தைப் பிடிச்சிருக்கிற மாதிரியே நாரைச் சுத்தி உள்ளே விட்டிருக்கேண்ணே," என்றாள் பொறியாளரான தங்கை.

படார் என்று ஒரு சத்தம்.

"சொன்னேன்ல? முடிஞ்சுது." அண்ணன் எழுந்தார். தங்கையோ இயந்திரத்தை இயக்கிய தோழியைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

"உடைஞ்சதுக்கா இந்த ஆட்டம்?"

"உடையறவரைக்கும் இழுக்கறதுதாண்ணே சோதனை. எங்க உடைஞ்சுதுன்னு பாரு."

குனிந்து பார்த்தார். இணைப்பில் கீறல்கூட இல்லை. இரண்டாகக் கிடந்தது அவருடைய குழாய்.

தாடையைத் தடவினார். "ஏம்மா, குழாய்க்கும் ஏதாவது யோசனை இருக்கான்னு அந்த மரத்துக்கிட்ட கேளேன்."