கதவு டாக்டர்

வயிற்றைத் திறந்து உள்ளே பார்த்ததும் டாக்டரின் கை அப்படியே நின்றுவிட்டது.

எதிரே நின்ற உதவி டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். தலைமாட்டில் மயக்க மருந்து கொடுக்கிறவரும் எட்டிப் பார்த்தார்.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று நம்பித்தான் கத்தி வைத்தார்கள். புற்று கர்ப்பப்பையோடு நிற்கவில்லை. குடலைப் பிடித்திருந்தது. அதற்கு மேலே நொய்யரிசியைத் தூவினாற்போல எங்கும் பரவியிருந்தது. ஸ்கேன் கொஞ்சம் சொல்லியிருந்தது. இவ்வளவு சொல்லவில்லை.

"மூடிடலாம்," என்றார் டாக்டர்.

நர்ஸ் தையல் ஊசியை நீட்டினாள்.

தலை முதல் கால் வரை மூடிய கவச உடைக்குள் வியர்வை முதுகில் ஓடியது. காற்றில் கிருமி சுற்றும் என்று ஏசியை நிறுத்தி மாதக்கணக்காகிவிட்டது. கண்ணாடியில் ஆவி படிந்தால் துடைக்கவும் வழியில்லை. அந்த மங்கலுக்குள் ஒவ்வொரு தையலாகப் போட்டுக்கொண்டிருந்தவருக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் முன்னால் வந்தது. இவ்வளவு முற்றுகிற வரைக்கும் எப்படி இவள் வாயைத் திறக்காமல் இருந்தாள்?

வருஷ ஆரம்பத்தில் இது கைக்கு அடங்குகிற வியாதி. அன்றைக்கு இவள் மாமியாரோடு வந்தாள். என்னம்மா செய்கிறது என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை, கொஞ்சம் அசதி என்று மாமியாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

டாக்டர் தன் வழக்கப்படி மாமியாரை வெளியே அனுப்பிவிட்டு, எழுந்து போய்த் தன் கையாலேயே கதவைச் சாத்தினார்.

அவ்வளவுதான். எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டாள். நிற்காத உதிரம், கட்டி கட்டியாகப் போவது, வீடு எழுந்திருப்பதற்குள் அலசி ஒளித்துக் காயப்போட்ட துணிகள்.

முப்பது வருஷத் தொழிலில் டாக்டர் கற்றுக்கொண்டது அது. பெண்களின் வாயைக் கட்டிப்போடுவது வெட்கமில்லை, பக்கத்தில் நிற்கிற சொந்தம். புருஷனோ, மாமியாரோ, பெற்ற தாயோ, யாராக இருந்தாலும் வெளியே. சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. அவர் மசிந்தது கிடையாது. நர்சுகள் அவருக்குக் 'கதவு டாக்டர்' என்றே பேர் வைத்திருந்தார்கள். அவர் காதுபடவே சொல்வார்கள். அவருக்கும் அதில் உள்ளூர ஒரு பெருமை.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. அந்த வாரம்தான் கொரோனா என்று எல்லாவற்றையும் இழுத்து மூடினார்கள்.

இரண்டு தியேட்டரில் ஒன்றில் மூச்சுத் திணறுகிறவர்களைப் படுக்கவைத்தார்கள். அங்கிருந்த மயக்க மருந்து மெஷினையும் மூச்சுக் கொடுப்பதற்கென்று தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சமிருந்த ஒரே மேஜை சிசேரியனுக்கும் உயிர் போகிற கேசுக்கும்தான். தள்ளிப்போட முடிந்ததையெல்லாம் தள்ளிப்போடு என்று உத்தரவு. யாரைத் தள்ளிப்போடலாம் என்பதை டாக்டரே போனில் விசாரித்து முடிவு செய்துகொள்ள வேண்டியது.

இவளுக்கும் மாதம் தவறாமல் போன் போட்டார். உதிரம் கூடினாலோ, வாடை வந்தாலோ உடனே கூப்பிட்டு மேஜையில் ஏற்றிவிடுவது என்று தீர்மானமாக இருந்தார்.

லைன்தான் சரியில்லை. கேட்டால் பதில் வர நேரமாகும். கேட்கிறதா அம்மா, கேட்கிறதா என்று குரலை உயர்த்தி, உதிரம் எப்படிப் போகிறது, வாடை இருக்கிறதா என்று ஒவ்வொரு வார்த்தையாக உரக்கத் திருப்பிக் கேட்பார். அதற்கப்புறம்தான் அவள் குரல் வரும்.

"இப்ப பரவால்ல டாக்டர். குறைஞ்சிருக்கு."

ஒவ்வொரு தடவையும் அதே பதில். அதைக் கேட்க டாக்டருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, மறைப்பானேன். ஒருத்தி பொறுத்துக்கொண்டால் இன்னொருத்திக்கு மேஜை கிடைக்கும். நல்ல பெண், தொந்தரவு கொடுக்காதவள் என்றுகூட நினைத்தார்.

இன்று காலை குளியலறையில் விழுந்து கிடந்தவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உதடுகூட வெளுத்திருந்தது. பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றித்தான் மேஜைக்கே கொண்டுவர முடிந்தது. ஒரு வார்த்தை கேட்கலாமென்றால் அவளுக்கு நினைவில்லை.

கடைசித் தையலைப் போட்டு முடித்து, கவசத்தைக் கழற்றி, கை கழுவிக்கொண்டு டாக்டர் வெளியே வந்தார்.

துணைக்கு ஒருவர்தான் என்பதால் புருஷன் மட்டும் நின்றிருந்தான். பெஞ்சு காலியாக இருந்தும் உட்காரவில்லை. அவளுடைய செருப்பை ஒரு பையில் போட்டு நெஞ்சோடு பிடித்திருந்தான்.

டாக்டர் சொல்ல வேண்டியதைச் சொன்னார். எடுக்க முடியவில்லை, பரவிவிட்டது, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான். முன்னாலேயே சொல்லியிருந்தால் என்பதையும் சொன்னார். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். வாய் நிற்கவில்லை.

அவன் கத்தவில்லை, சண்டைக்கும் வரவில்லை. நல்லவன்தான், பார்த்தாலே தெரிந்தது. எங்கே தப்பு நடந்தது என்று பிடிபடாமல் விழித்தான். பிறகு சட்டைப்பையிலிருந்த போனைத் தொட்டுக் காட்டினான்.

"நல்லாருக்குன்னுதானே டாக்டர் சொல்லிட்டிருந்தா? நீங்க சொல்றதுல ஒரு வார்த்தைகூட விட்டுப்போயிடக் கூடாதுன்னு ஒவ்வொரு தடவையும் ஸ்பீக்கர்ல போட்டுருவேன். அப்பா, அம்மா, பசங்க, நான், எல்லாரும் சுத்தி உக்காந்துதான் கேட்டோம்."

லைனில் ஒரு கோளாறும் இருந்திருக்கவில்லை.